டிக்கியின் மேல் ஒரு கரும்புள்ளி

தருமனுக்குத் தேய்ப்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை. திருவண்ணாமலை தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அல்லவா? கரி பிடித்த அண்டாவோ பச்சை பூத்த குத்துவிளக்கோ, தேய்க்கிற விதத்தில் தேய்த்தால் போகாத கறை உலகத்திலேயே கிடையாது என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் மிளகு அளவு கரும்புள்ளி ஒன்று தை மாதம் முழுக்கப் பாடாய்ப் படுத்தியது.

புள்ளி இருந்த இடம் அவருடைய பழைய அம்பாசடரின் டிக்கி. காருக்குப் பாலாடை நிறம். வேங்கிக்காலில் இருந்த அவர் வீட்டில் மனிதர்களுக்கு மின்விசிறி ஓடுகிறதோ இல்லையோ, கார் ஷெட்டில் ஓடும். பெயிண்டுக்குப் புழுக்கம் ஆகாதாம்.

இத்தனை சீராட்டும் ஒரு கோப்பைக்காக. கலெக்டர் ஆபீஸ் பக்கத்து மைதானத்தில் தை மாதக் கடைசியில் பழைய கார்களின் கண்காட்சி நடக்கும். நல்ல பளபளப்புக்கு ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. போன வருஷம் அதைத் தட்டிக்கொண்டு போனவன் அர்ஜுனன், மனைவி ரேணுகாம்பாளின் தம்பி. அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டத்துக்குச் சோடா விற்கிறவன். அவனிடம் ஒரு கறுப்பு ஃபியட். ஜெயித்ததோடு விட்டானா? தீபாவளிக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, தருமனுக்கு அந்தக் கோப்பையிலேயே பாயசம் ஊற்றிக் கொடுத்தான்.

"டம்ளரெல்லாம் கழுவப் போட்டிருக்குது மாமா. இதுல குடிங்க, பரவால்ல" என்றான், முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

அந்தப் பாயசம் தருமனுக்கு இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. இந்த வருஷம் கோப்பை தன் வீட்டுக்கு வர வேண்டும், அதில் அவனுக்குப் பாயசம் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில்தான் புள்ளியை முதலில் பார்த்தார். டிக்கியின் இடது மூலையில், எண்ணெய்ப் பிசுக்கோடு கன்னங்கரேலென்று இருந்தது. ரோட்டுத் தார் என்று நினைத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். போய்விட்டது. காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்து, மெழுகு போட்டு மினுக்கி, நிம்மதியாகக் கடைக்குப் போனார். மறுநாள் காலையில் புள்ளி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்றும் துடைத்தார். அதற்கு மறுநாளும் வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடிப் பார்த்தார். பாய்க்கு அடியிலும் வந்தது. மாமரத்துப் பால் என்று கிளைகளை வெட்டினார். காக்கா வேலை என்று ஷெட்டுக்கு வலை கட்டினார். அர்ஜுனன் ஆள் வைத்துச் செய்கிறானோ என்றுகூட யோசித்து, பிறகு அவன் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாகக்கூடச் சரித்திரம் இல்லையே என்று விட்டுவிட்டார்.

செங்கம் ரோட்டில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் பாசிலிடம் வண்டியைக் கொண்டுபோனார். தேய்க்காமல் கொண்டுபோக மனசு வருமா? புள்ளியைத் துடைத்து, பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் கொண்டுபோனார். பாசில் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கண்ணா புள்ளி?"

"காத்தால இருந்துச்சுப்பா. தொடச்சிட்டேன்."

"தொடச்சிட்டு வந்து காட்டுனா நான் இன்னாத்த பாக்கிறது?" என்று சலித்துக்கொண்டான். ஆனாலும் தொழில்காரன் தெரியாது என்று சொல்வானா? "உள்ளருந்து துரு கக்குது போல. விடாம தேய்ங்க, வத்திடும்" என்று போகிற போக்கில் ஒரு வைத்தியம் சொல்லி அனுப்பினான். தருமனிடம் போய், விடாமல் தேய்க்கச் சொன்னான், பாவி.

கண்காட்சிக்கு முதல் நாள் காலையிலும் புள்ளி வந்து நின்றது. தருமன் கடைக்கு லீவு விட்டார். பாசிலின் பாலிஷ் மிஷினையே இரவல் வாங்கி வந்தார். "ஒரே எடத்துல அழுத்திக்கினு நிக்காதீங்கண்ணா, பெயிண்ட் சூடாயிடும்" என்று பாசில் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் புள்ளி இருந்ததே ஒரே இடத்தில்! பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். புள்ளி போயிற்று. பாலாடை நிறமும் போயிற்று. அடிப்பூச்சாக இருந்த சிவப்பு ப்ரைமர், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, அவரைப் பார்த்துச் சிரித்தது.

தருமன் மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு டிக்கிக்காக அழலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை.

மிஷின் சத்தம் நின்றதும், அவர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார் என்று நினைத்து ரேணுகாம்பாள் ஷெட்டுக்குள் வந்தாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம். மோதிர விரலால் அதிலிருந்து எதையோ தொட்டு, டிக்கியின் இடது மூலையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நீயா!" என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ரேணுகாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். ஆனால் பயப்படுகிற ரகம் இல்லை அவள். "ஆமா, நான்தான். பின்ன? நீங்க இத பளபளன்னு ஆக்கி வாசல்ல நிறுத்துறீங்க. தெருவே வாயப் பொளந்துக்கினு பாக்குது. எதிர்வூட்டு ஜோதியம்மா பாத்துட்டுப் போன அன்னிக்கே டயரு பஞ்சர். ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சா இன்னா கொறஞ்சிடும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஊருக்குச் சொல்லிட்டு வெச்சா திருஷ்டி கழியுமா? அதுவும் தெனம் சாயங்காலம் பாத்தா பொட்டு காணாமப் போயிருக்குது. எவ்ளோ கண்ணுடாப்பா, பொட்டையே உறிஞ்சிக்கினு போவுதேன்னு பயந்துட்டேன். அதான் தெனம் வெச்சேன்."

"உறிஞ்சல. நான்தான் தின்னர் போட்டுத் தொடச்சேன்!"

"தின்னரா? ஐயையோ, அது தீப மைங்க!"

கார்த்திகைக்கு மலை உச்சியில் எரிந்த மகாதீபக் கொப்பரையின் மை. ஆருத்ரா தரிசனம் முடிந்து, கோயிலில் வரிசையில் நின்று, கண்ணில் ஒற்றி வாங்கி வந்த பிரசாதம். அதைத்தான் தருமன் இத்தனை நாளும் தின்னர் ஊற்றித் துரத்தியிருக்கிறார். மலை இருந்த பக்கம் திரும்பிப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையில் இருந்த காம்பவுண்ட் முழுக்க முகத்தில் அப்பிக்கொண்டது.

அப்புறம் மெதுவாக அந்தச் சிவப்புத் திட்டைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார்.

"ரேணு, மை இன்னும் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குது."

"அப்ப கொஞ்சம் பெருசாவே வையேன்."

மறுநாள் மைதானத்தில் சென்னையிலிருந்து வந்த நடுவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். குட்டி டார்ச் ஒன்றை அடித்து ஒவ்வொரு காரையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அம்பாசடரின் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். அங்கே தருமனுக்கு உச்சி குளிர்ந்தது. பின்னால் வந்ததும் டார்ச் பொட்டின் மேல் நின்றது.

"இது என்ன?"

"தீப மைங்க. மலை மேல எரிஞ்சது" என்றாள் ரேணுகாம்பாள்.

நடுவர் டார்ச்சை அணைத்தார். கையுறையைக் கழற்றினார். பொட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றுவிட்டு, அடுத்த காருக்குப் போனார்.

தருமன் மூச்சு விடுவதற்குள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். தீப மை என்றால் திருவண்ணாமலையில் யார்தான் சும்மா போவார்கள்? ஆளுக்கு ஒரு விரல் தொட்டார்கள். ஒருவர் ஊரிலிருக்கும் மகளுக்கென்று காகிதத்தில் வழித்துக்கொண்டார். பொட்டு கரைந்துகொண்டே போயிற்று. தருமன் மனைவியைப் பார்த்தார். அவள் காலிப் பொட்டலத்தை உதறிக் காட்டினாள். மைக்கு நடுவே சிவப்பு எட்டிப் பார்த்தது.

"உள்ள குங்குமம் வெச்சிருக்காங்க பாரு, எவ்ளோ பக்தி!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

கடைசியாக வந்தான் அர்ஜுனன். குங்குமத்தைத் தொட்டான். விரலில் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினான். ஃபியட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பழகியவனுக்கு ப்ரைமர் தெரியாதா? மாமாவைப் பார்த்தான், அவர் வானத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தான். ரேணுகாம்பாள் ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்கினாள். சின்ன வயசில் அவனுக்குக் குட்டு விழுவதற்கு முன்னால் தூக்குகிற அதே புருவம்.

"குங்குமம் நல்லா ஒட்டியிருக்குது மாமா" என்று சொல்லி, வெறும் விரலை நெற்றியில் வைத்துக்கொண்டான்.

கோப்பை தருமனுக்குத்தான் கிடைத்தது. வாங்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் ஜாஸ்தி, வெட்கம் கம்மி.

அந்த வாரமே ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்ப் புதுசாக ஒரு பொட்டலம் தீப மை வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனனுக்கு விருந்து. தருமன் கோப்பையைத் தன் முகம் தெரிகிற வரைக்கும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் ரேணுகாம்பாள் அதில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அர்ஜுனன் வாங்கினான், உறிஞ்சப்போனான், நின்றான்.

"இன்னாக்கா, விளிம்புல கறுப்பா என்னமோ ஒட்டிக்கினு இருக்குது" என்று துண்டை எடுத்தான்.

தருமன் நாற்காலி சாய எழுந்தார். "டேய், அத தொடைக்காத!"

அர்ஜுனன் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோப்பையைத் திருப்பிப் பிடித்து அந்தப் பக்கமாகக் குடித்தான்.