போகட்டுமா என்று கேட்டவன்

கெண்ட்ரெல் மேபெரி லூயிவில்லை விட்டுப் போவானா, மாட்டானா? அந்த ஜூன் மாதம் முழுக்க எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. ஏழு வருடமாக எங்கள் கூடைப்பந்து அணியைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவன் அவன். மாதக் கடைசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. முடிந்துவிட்டால் எந்த அணியும் அவனைக் கூப்பிடலாம், அவனும் பிடித்த இடத்துக்குப் போகலாம். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் அவனுக்காகவே ஓர் இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்தார்கள்.

ஊர் அவனைக் கெஞ்சியது. மேற்குப் பக்கத்து சர்ச்சில் மீன் வறுத்து விற்கும் பெண்கள் அவனுக்காக ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். நெடுஞ்சாலையோரப் பலகைகளில் அவன் முகம். முடிவெட்டும் ஓட்டிஸ், அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டான்.

"இருக்கேன்னு சொல்லு, வெட்டுறேன். போறேன்னு சொன்னா பாதித் தலைய மட்டும் வெட்டி அனுப்பிருவேன். ஹாலிவுட்ல அதையும் ஃபேஷன்னுவாங்க."

கடையே சிரித்தது. கெண்ட்ரெலும் சிரித்தான். ஆனால் முடி வெட்டாமலே எழுந்து வந்துவிட்டான்.

நான் ரூஃபஸ் கிரேடி. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. எங்கள் விளையாட்டில் அது கிழவனுடைய வயது. அணியில் எல்லோரும் என்னை 'பெருசு' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஆட்டத்தில் பெரிய வேலை கிடையாது. கெண்ட்ரெலைத் துரத்தி வருகிறவனுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்பேன். அவன் என்னை உரசிக்கொண்டு தாண்டிப் போய்ப் பந்தைக் கூடையில் போடுவான். ஆறு வருடம் அப்படி நின்றதில் என் விலாவில் படாத முழங்கை இல்லை. வெளியூர்ப் பயணங்களில் பேருந்தில் அவனுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. அவனுடைய அம்மா இறந்தபோது அவன் சொந்த ஊரான மொபீல் வரை காரோட்டிக்கொண்டு போனவன் நான்.

என் ஒப்பந்தமும் அதே மாதம்தான் முடிந்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அணியின் மேலாளர் ஹாலோவே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். முட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "ரூஃபஸ், உங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கெண்ட்ரெல் இருந்தா நீங்களும் இருக்கீங்க, இன்னும் மூணு வருஷம். அவனுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும். அவன் போயிட்டா சின்னப் பசங்கள வெச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்போ உங்களுக்கு இடமிருக்காது."

"அவன்கிட்ட நான் பேசணும்கிறீங்களா?"

"அப்படி நான் சொல்லவே இல்லையே" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. பணத்தைப் பற்றிய பயமில்லை. நான் ஊதாரி அல்ல. பதினெட்டு வயதிலிருந்து, ஆட்டப் பருவம் தொடங்கும் ஒவ்வோர் அக்டோபரும் காலையில் எழுந்து எங்கேயோ போய்ச் சேரவேண்டியவனாகவே இருந்திருக்கிறேன். எங்கும் போகவேண்டாத ஓர் அக்டோபர் காலையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மனைவி பிரிந்துபோய் நாலு வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மதியம் கெண்ட்ரெல் வீட்டுக்கு வரச்சொன்னான். கொல்லையில் விலாக்கறியைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தான். செருப்பில்லாமல் நின்றவன் இடது காலை லேசாகத் தூக்கி வைத்திருந்ததைக் கவனித்தேன்.

"ஏஜென்ட் ஒண்ணு சொல்றான், பாஸ்டர் ஒண்ணு சொல்றாரு. ஓட்டிஸ் முடிய வெட்ட மாட்டேங்கறான்" என்றான். "ரோஷெல் போலாம்கறா, அவ அப்பா அம்மா அங்க இருக்காங்க. எல்லாருக்கும் அவங்கவங்க கணக்கு இருக்கு. கணக்கில்லாம சொல்ற ஆள் நீ ஒருத்தன்தான். சொல்லு பெருசு. போகட்டுமா?"

"உனக்கு என்ன தோணுது?"

அவன் கறியைத் திருப்பிப் போட்டான். "களைச்சுப்போச்சுண்ணே."

விளையாட்டுப் பேச்சில்லாதபோதுதான் அவன் என்னை அண்ணே என்பான்.

"அங்க ஏற்கெனவே ஒரு பெரிய ஆட்டக்காரன் இருக்கான். பாரத்தப் பாதி அவன் தூக்குவான். நான் நடுவுல கொஞ்சம் உட்காரலாம். இங்க நான் உட்கார்ந்தா ஆட்டமே உட்கார்ந்துரும். காலையில எழுந்தா இந்தக் குதிகால் கட்ட மாதிரி இருக்கு. பாத்ரூமுக்குச் சுவத்தப் புடிச்சுட்டுப் போறேன். டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

அவன் மனைவி ரோஷெல் ஐஸ் போட்ட டீயோடு வெளியே வந்தாள். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க ரூஃபஸ்" என்றாள். "நீங்க சொன்னா கேப்பாரு."

நான் டீயைக் குடித்தேன். பிறகு சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"குதிகாலா? எனக்குப் பத்து வருஷமா அப்படித்தான். ஐஸ் வெச்சு நல்லா நீவிவிடு, போயிரும். அங்க போனா நீ ரெண்டாவது ஆளுடா. ஜெயிச்சா அவன் ஜெயிச்சான்பாங்க, தோத்தா நீ தோத்தன்பாங்க. இங்க நீதான் இந்த ஊரு. இத விட்டுட்டுப் போய் அங்க என்ன பண்ணப்போற?"

அதில் பொய் என்று எதையும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்கு அவன் என்ன கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரோஷெல் உள்ளே போய்விட்டாள். கெண்ட்ரெல் வெந்த கறியை எடுத்துத் தட்டில் வைத்தான். "சரி" என்றான்.

ஜூன் முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்குப் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவன் இருக்கிறான் என்று செய்தி வந்துவிட்டது. ஐந்து வருட ஒப்பந்தம். ஆற்றுப் பாலத்தில் கார்கள் நின்றபடி ஹாரன் அடித்தன. ஓட்டிஸ் கடையில் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. மூன்று நாள் கழித்து நான் என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பருவம் நன்றாகத்தான் போனது. முதல் ஆட்டத்திலிருந்தே கெண்ட்ரெலை உட்கார வைக்க வழியில்லாமல் இருந்தது. அவன் வெளியே வந்த நாலு நிமிடத்தில் பத்துப் புள்ளி பின்தங்கிவிடுவோம். பயிற்சியாளர் அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான். ஆட்டம் தொடங்குமுன் தினமும் அவன் குதிகாலில் வெந்நீர்ப் பை கட்டியிருப்பதைப் பார்ப்பேன். "என்னடா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல பெருசு. நீ சொன்னபடி நீவிவிடறேன்" என்பான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். எங்கள் சொந்த அரங்கம். மூன்றாவது கால் பகுதியில் நான் வழக்கம்போல வந்து சுவராக நின்றேன். அவன் என்னை ஒட்டித் திரும்பி, இடது காலை ஊன்றி எழும்பப் பார்த்தான். ஈர மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவன் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

"ஏன் பெருசு என்னை உதைச்ச?"

"நான் உதைக்கலடா."

"யாரோ பின்னாலேருந்து உதைச்சாங்க. நீதான நிக்கற?"

குதிகால் தசைநார் அறுந்தால் அப்படித்தான் தோன்றுமாம், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்தது போல. வைத்தியர் பின்னால் சொன்னார். இருபதாயிரம் பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் இன்னொருவனும் அவனை இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டுபோனோம். வாசல் வரை அவன் என் சட்டையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை.

அவன் திரும்பி விளையாட வர பதினோரு மாதம் ஆயிற்று. வந்தவன் வேறு ஆள். முன்பு ஒரே எட்டில் தாண்டிப் போன இடத்தில் இப்போது நின்று யோசித்தான். இருபது வயதுப் பையன்கள் அவன் கையிலிருந்தே பந்தைப் பறித்தார்கள். ஊர் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டது. பிறகு வானொலியில் அவனுடைய ஒப்பந்தத்தைக் கழுத்தில் கட்டிய கல் என்று பேச ஆரம்பித்தார்கள். ஓட்டிஸ் கடையில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "அன்னிக்கே லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தொலஞ்சிருந்தா நாம பொழச்சிருப்போம்."  ஓட்டிஸ் கத்திரியை நிறுத்தாமல் என் தலையை வெட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை மதிய ஆட்டத்தில் கெண்ட்ரெல் தொடர்ந்து ஆறு முறை கூடையைத் தவறவிட்டான். மேல் வரிசையிலிருந்து ஊளைச் சத்தம் ஆரம்பித்துக் கீழே வரை வந்தது. பலகை வைத்துக் கெஞ்சிய அதே ஊர். அவன் முகத்தில் எதையும் காட்டவில்லை. ரோஷெல் எழுந்து வெளியே போவதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் அரங்கத்துக்கு வரவே இல்லை.

மறுநாள் காலையில் சிகிச்சை அறையில் அவன் ஐஸ் வாளியில் காலை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். நான் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்: ஹாலோவே, முட்டை, எல்லாம்.

 நான் முடித்ததும் அவன் கேட்டான்.

"அது எந்தக் கிழமை?"

"செவ்வாய்."

"என் வீட்டுக்கு வந்தது வியாழன்."

"ஆமா."

"குதிகாலப் பத்தி உன்கிட்ட சொன்னேன்."

"சொன்ன."

அவன் தண்ணீரிலிருந்து காலை எடுத்துத் துண்டால் சுற்றினான். ரொம்ப மெதுவாகச் சுற்றினான்.

"அன்னிக்கு நீ போனப்புறம் ரோஷெல் சொன்னா. 'ரூஃபஸுக்கும் இதுல ஏதோ இருக்கு, அவரு கண்ணப் பாக்காமப் பேசினாரு'ன்னா. நான் அவளோட சண்ட போட்டேன். 'யார வேணா சொல்லு, அவன மட்டும் சொல்லாத'ன்னேன். மூணு நாளு அவகூடப் பேசல நான்."

"கெண்ட்ரெல்..."

"கதவச் சாத்திட்டுப் போண்ணே."

அந்த 'அண்ணே' கேலியா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒரே அணியில் பத்து வாரம் ஆடினோம். அவனுக்காக நான் சுவராக நின்றேன். அவன் என்னை உரசிக்கொண்டு போனான். 'இடது', 'பின்னால', 'மாத்து' என்று ஆட்டத்துக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினான். பேருந்தில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பிப்ரவரியில் அணி அவனை வடக்கே ஒரு குளிர் பிடித்த ஊருக்கு மாற்றிவிட்டது. அங்கே அவன் நாற்பது ஆட்டம் ஆடினானோ என்னவோ. மறு வருடம், முப்பத்தொரு வயதில் நிறுத்திக்கொண்டான். அவனை மாற்றிய அந்த வசந்தத்திலேயே நான் நிறுத்திவிட்டேன். நான் பயந்த அந்த அக்டோபர் காலை வந்தது. எழுந்தேன், காபி போட்டேன், நாய்க்குச் சோறு வைத்தேன். அவ்வளவுதான் அது. இதற்காகவா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லூயிவில் வீட்டை விற்க ரோஷெல் ஒரு முறை தனியாக வந்தாள். கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் என்னைப் பார்த்தவள் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை, பெட்டிகளைக் காட்டினாள். இரண்டு மணி நேரம் வண்டியில் ஏற்றினேன். கடைசிப் பெட்டிக்குப் பிறகு படியில் உட்கார்ந்தோம்.

"அங்க போயிருந்தாலும் அறுந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். "அறுந்திருக்காமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. உங்க மனசு லேசாகறதுக்காக இதச் சொல்லல. உண்மைங்கறதால சொல்றேன்."

"என்மேல ரொம்பக் கோவமா இருக்கானா?"

"காலுக்காக இல்ல. கால் போனத அவர் எப்பவோ ஏத்துக்கிட்டாரு. 'எனக்கும் இதுல பங்கிருக்குடா, என்கிட்ட கேக்காத'ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு அவரே முடிவு பண்ணியிருப்பாரு. இருக்கறதுன்னுகூடப் பண்ணியிருக்கலாம். அது அவரோடதா இருந்திருக்கும்."

லாஸ் ஏஞ்சல்ஸில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். நான் அவனைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"கூப்பிடுங்க. எடுப்பாரான்னு எனக்குத் தெரியாது."

ஆறேழு முறை கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து கூப்பிட்டபோது யாரோ எடுத்தார்கள். ஒரு சிறுமியின் குரல். அவனுடைய மகளாகத்தான் இருக்கவேண்டும்.

"அப்பா தோட்டத்துல இருக்காங்க. யாரு பேசறீங்கன்னு சொல்லட்டும்?"

"ரூஃபஸ்னு சொல்லும்மா. ரூஃபஸ் கிரேடி."

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கதவு திறந்தது. தூரத்தில் ஒரு நாய், தண்ணீர்க் குழாய், அவள் ஏதோ சொல்வது. அவன் குரல் கேட்கிறதா என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. குழாய் மட்டும் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவள் திரும்பி வந்தாள். "அப்பா வேலையா இருக்காங்களாம் அங்கிள்."

"சரிம்மா" என்றேன். "நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.