இரவல் குரல்

அந்த ஊரில் போலீசுக்குத் துப்புச் சொல்பவர்கள், பாதுகாப்புக்காகத் தங்கள் குரலை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வர வேண்டும். வழக்கு முடியும்வரை அது ஊறுகாய் ஜாடியில் துணியால் வேடு கட்டி வைக்கப்பட்டிருக்கும்.

பூபதியின் லாரிகள் ஆற்று மணலை எந்த வழியாகக் கடத்துகின்றன என்று சொல்லப் போன தோழர் மாசிலாமணியும் விட்டுவிட்டுத்தான் வந்தார். ஆலை வாசல்களில் ஒலிபெருக்கி இல்லாமலே முழங்கிய குரல். ஜாடிக்குள் இறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்களையே எத்தனை தடவ திட்டுன குரல் தோழர்! பத்திரமாப் பாத்துக்கறோம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

பதிலுக்கு ஓர் இரவல் குரல் ஊற்றினார்கள். சளி பிடித்த கீச்சுக் குரல். ஸ்டேஷனில் இருந்தது அது ஒன்றுதான். எத்தனை பேருக்கு ஊற்றினாலும் குறையாது. அது பிடிக்காமல் சொந்தக் குரலைத் திரும்ப வாங்கிப்போன சேதுவை மறுநாள் ஆற்றில்தான் எடுத்தார்கள்.

மாசிலாமணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் இருந்தது செவலை நாய் மட்டும். அதனிடம் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்வந்ததைச் சொன்னார்.

ஆனால் ஊரையே கூட்டிய மனிதர் ஊமையாகத் திரிந்தால் பூபதிக்குச் சந்தேகம் வராதா? காலையில் டீக்கடைக்குப் போனார்.

“ஒரு டீ,” என்று கீச்சிட்டார். யாரும் திரும்பவில்லை.

“சர்க்கர தூக்கலா தோழர்?” என்றார் டீ மாஸ்டர், அதே குரலில்.

“என்ன தோழர், ஆளையே காணோம்?” என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அதே குரலில்.

ஜீப் வந்து நின்றது. பூபதி இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தான்.

“சௌக்கியமா தோழர்? உங்களப் பத்திதான் ஸ்டேஷன்ல பேசிட்டு வர்றேன்.”

அதுவும் அதே குரல். கடையே ஒரே குரலில் சிரித்தது. மாசிலாமணி டீயைக் குடித்து முடித்தார். பாதி வேட்டியில் சிந்தியிருந்தது.

வீட்டுக்கு வந்து முன்கதவைத் தாழிட்டார். கட்டிலுக்கடியில் செவலை தலையைத் தூக்கியது.

“பூபதி ஆளுங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க தோழர்,” என்று கீச்சிட்டது. “பின்பக்கமாப் போயிடுங்க.”

“நீயுமா?”

“சோத்த வச்சுட்டுப் போங்க.”

சோற்றை வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

“கிளம்பிட்டீங்களா தோழர்?” என்றது கதவு, தெருவுக்கே கேட்கும்படி, அதே குரலில்.

“ஆமாம்,” என்றார் மாசிலாமணி.