யோசேப்பின் பனியன் அங்கி

மே மாத விடுமுறைக்கு எங்கள் சபையின் சிறுவர் மன்றத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று பாஸ்டரம்மா போனில் தேடினார். போன் முதலில் பனி மனிதன் செய்யச் சொன்னது. அடுத்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அட்டையில் ஒட்டச் சொன்னது. அதற்கும் அடுத்து, கடற்கரைக்குப் போய் மணலில் நோவாவின் பேழை கட்டச் சொன்னது.

“ஏனுங்க அன்பு, இந்தப் பனி மனுசன் நல்லா இருக்குதுங்க. பஞ்சு வெச்சே பண்ணிப் போடலாமாட்ட இருக்குது.”

“நல்லூர் வெயிலுக்குப் பனி மனுசனா? நம்ம தகரக் கூரைக்குக் கீழ நிக்க வச்சா அவனுக்கே வேர்த்துக் கொட்டும் பாஸ்டரம்மா.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர் சாத்தான்குளம் பக்கம். திருப்பூருக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்து காலம் எவ்வளவோ ஆகியும் அந்த வாய் மட்டும் கொங்கு மரியாதை படிக்கவில்லை. பாஸ்டரம்மா பல்லடத்துக்காரர். நான் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு, “செரீங்க” என்று அடுத்த யோசனைக்குப் போய்விடுவார். இப்படி ஒருவர் கூட இருப்பதால்தான் வருஷா வருஷம் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு இந்த வேலைக்கு ஓடி வருகிறேன்.

“இலை பொறுக்கவும் வழியில்ல. நம்ம தெருவுல என்ன மரமா இருக்கு? உதிர்றதெல்லாம் பனியன் கம்பெனி வெட்டுத்துணிதான்” என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே பொறி தட்டியது. வெட்டுத்துணி இருந்தால் யோசேப்புக்குப் பல நிற அங்கி தைக்கலாம். அங்கி இருந்தால் நாடகமே போடலாம்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாக்கோபு என்ற தகப்பனுக்கு யோசேப்பு செல்லப் பிள்ளை. அவனுக்குத் தகப்பன் கொடுத்த அங்கியைப் பார்த்து வயிறெரிந்த அண்ணன்மார், அவனை எகிப்துக்குப் போகிற வியாபாரிகளுக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கியில் ஆட்டு இரத்தத்தைத் தோய்த்துக் கொண்டுவந்து தகப்பனிடம் காட்டுகிறார்கள். பிள்ளையை மிருகம் தின்றுவிட்டது என்று நம்பி அவர் அழுகிறார்.

எங்கள் மன்றத்துப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள். பள்ளிக்கூடம் இருக்கும் வரை கவலை இல்லை. விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குப் பூட்டுதான். உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டு, ஷிப்டுக்குப் போவார்கள். அதனால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சபைக்கே வராத வீட்டுப் பிள்ளைகள். யார், என்ன என்று நாங்கள் கேட்பதில்லை.

ஜோதிகா அப்படி வந்தவள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். முதல் நாள், என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். யுவன் கிரிக்கெட் என்றான். வர்ஷினி டான்ஸ் என்றாள். ஜோதிகாவின் முறை வந்தபோது, “எதுன்னாலும் சரி டீச்சர், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்” என்றாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பெரும்பாடாக இருந்தது.

அவள் அம்மா முத்துப்பேச்சிக்கு ஒரு கம்பெனியில் கறை எடுக்கும் வேலை. தைத்து முடித்த துணியில் மிஷின் எண்ணெய், மை, துரு எது பட்டிருந்தாலும் மருந்தடித்துத் தேய்த்து, பட்ட இடம் தெரியாமல் ஆக்க வேண்டும். கணவர் இல்லை. ஒற்றை அறை வீடு. ஒரு சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போக வந்தவள் வாசலிலேயே நின்று சொன்னாள்:

“உங்க புண்ணியத்துல இந்த லீவு இம்புட்டு நாள் கழிஞ்சிருச்சு அக்கா. இனி இவள சங்கரன்கோயில்ல பெரியம்மா வீட்டுல விட்டுரலாம்னு இருக்கேன். அங்கனயே படிக்கட்டும்.”

“ஏன் முத்துப்பேச்சி, இங்க என்ன குறை?”

“பூட்டிப் போட்டு வளக்க முடியல அக்கா. கேஸ மூடுனமா, உள்ள பிள்ள என்ன செய்யுதோன்னு வேலையில இருக்கும்போதும் மண்டைக்குள்ள அதுதான் ஓடுது. அங்கன்னா கதவு தெறந்து கெடக்கும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.”

ஜோதிகா பக்கத்தில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. “நீ போறியாம்மா?” என்று கேட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ம்” என்றாள். மாட்டேன் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் பயந்து பயந்து பிள்ளை வளர்க்கிறவளிடம் என்ன சொல்வது? என்னிடம் மாற்று வழி எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

துணிக்குப் பக்கத்து வேஸ்ட் குடோன் பாரூக் பாயிடம் போனோம். பிள்ளைகள் பட்டாளத்தைப் பார்த்ததும், “என்னங்க சிஸ்டர், ரெய்டா?” என்றார்.

“யோசேப்புக்கு அங்கி தைக்கணும் பாய். கலர் கலரா வேணும்.”

“அட, யூசுப் நபி சட்டையா? அப்ப மேல கெடக்கறத எடுக்காதீங்க. உள்ள நல்ல பீஸ் இருக்குது” என்று அவரே மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். கல்லாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு, எங்களோடு உட்கார்ந்து நிறம் பிரித்தார். நாடகத்தன்று சட்டையைப் பார்க்க வருவதாகவும் சொன்னார்.

பிள்ளைகள் நிறம் அடுக்க, நான் தைத்தேன். உள்பக்கம் வெள்ளைப் பனியன் துணி வைத்தேன். கம்பெனிக்காரர் பிள்ளைகள் அல்லவா, கழுத்தில் அளவு லேபிள் இல்லாவிட்டால் அது அங்கியே இல்லை என்று வர்ஷினி அடம்பிடித்தாள். யோசேப்புக்கு எக்ஸ்எல் லேபிள் வைத்துத் தைத்த பிறகுதான் விட்டாள். கம்பெனியில் போல மடித்துப் போட யுவன் பாலிதீன் கவர் கொண்டுவந்தான்.

இரத்தத்துக்கு மட்டும் நான் ஒரு தந்திரம் செய்தேன். உள்பக்கத்து வெள்ளைத் துணியில் பீட்ரூட் சாறும் சிவப்பு மையும் ஊற்றி வைத்துவிட்டால், முதல் காட்சியில் கறை வெளியே தெரியாமல் யோசேப்பு போட்டுக்கொள்ளலாம். அடுத்த காட்சியில் அண்ணன்மார் திருப்பிக் காட்டினால் போதும். சனிக்கிழமை மதியம் ஊற்றினோம். பார்க்கவே பயங்கரமாக இருந்தது. உள்பக்கம் வெளியே தெரியும்படி பின்னால் கொடியில் காயப் போட்டேன்.

யாக்கோபு வேஷத்துக்கு யாரும் முன்வரவில்லை. மே மாதத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஜோதிகா கை தூக்கினாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம்: ‘ஐயோ, இது என் மகனுடைய அங்கிதான்!’ பிறகு விழுந்து அழ வேண்டும். ஒத்திகையில் அந்த ஒரு வரியே அவளுடைய தாடியைத் தாண்டி வெளியே வரவில்லை. “கொஞ்சம் சத்தமா அழுவு கண்ணு” என்று பாஸ்டரம்மா கெஞ்சுவார். அவள் தலையை மட்டும் குனிவாள்.

ஞாயிறு காலை நான் போனபோது அங்கி மடித்து, கவரில் போட்டு நாற்காலிமேல் இருந்தது. பாஸ்டரம்மா மடித்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் மடித்திருப்பேன் என்று அவர் நினைத்தார். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோதிகாவின் ஊர்ப்பை, ஜிப் போட முடியாமல் உப்பிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவுக்கு அன்றைக்கும் ஷிப்மெண்ட் வேலை. மத்தியானத்துக்கு மேல்தான் வரமுடியும் என்று சொல்லியிருந்தாள்.

ஆராதனை முடிந்து நாடகம் தொடங்கியது. முதல் காட்சியில் அங்கிக்கே கைதட்டல். ஜன்னல் பக்கம் நின்ற பாரூக் பாய்தான் பலமாகத் தட்டினார். யோசேப்பைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அப்போது பார்த்தால், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு முத்துப்பேச்சி மூச்சு வாங்க வாசலில் நிற்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் வேஷத்தில் யுவன் வந்தான். “அப்பா, இந்த அங்கியப் பாருங்க. எல்லாம் ரத்தம்!” என்று திருப்பி விரித்தான்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுக் கறை கிடையாது.

யுவன் என்னைப் பார்த்தான். நான் பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

ஜோதிகா அங்கியை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஓரத் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். அச்சாக அவள் அம்மாவைப் போலவே. பிறகு தாடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் அவளிடம் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

“ரத்தமே இல்லியே. எம் பிள்ளைய ஒண்ணும் கடிக்கல. அவன் சாகல. நீங்கதான் எங்கயோ அனுப்பிவிட்டுட்டு வந்திருக்கீங்க.”

அங்கியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அனுப்புனீங்க? அங்க அவன் யார்கூடப் படுப்பான்? போய்க் கூட்டிட்டு வாங்க. பூட்டி வச்சாலும் பரவால்ல. அவன் இங்கயே இருக்கட்டும்.”

அவள் யுவனைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னாள். தாடி நனைந்து ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

யுவன் நல்ல பையன். என்ன செய்வதென்று தெரியாமல், “சரிங்கப்பா, இப்பவே கூட்டிட்டு வர்றோம்” என்று உள்ளே ஓடி, யோசேப்பைக் கையோடு இழுத்து வந்து நிறுத்திவிட்டான். கதை அத்தோடு முடிந்தது. எகிப்துக் காட்சிகளுக்கு வேலையே இல்லை. தலையில் தங்கத்தாள் கிரீடத்தோடு காத்திருந்த எகிப்து ராஜா பார்வோன் மட்டும் உள்ளே தேம்பி அழுதான்.

பாஸ்டர் எழுந்து விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜன்னலிலிருந்து பாரூக் பாய், “எங்க குர்ஆன்ல யாகூப் நபி அந்த ரத்தத்த நம்பவே மாட்டாருங்க. பாப்பா சரியாத்தான் சொல்லுச்சு” என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். எங்களைப் பார்த்து அழுதபடியே, “நாந்தான் அக்கா கறைய எடுத்தேன்” என்றாள். “நேத்து இவளக் கூப்பிட வந்தேன், கொடியில கெடந்துச்சு. பாடுபட்டுத் தச்சத பிள்ளைக அழுக்காக்கிட்டாங்கன்னு நெனச்சு, இவளுக்குத் தெரியாம வீட்டுக்குக் கொண்டுபோயி, இவ தூங்குனப்புறம் தேச்சு எடுத்தேன். எம் பிள்ளைய இத்தன நாள் பாத்துக்கிட்டீங்க. பதிலுக்கு நான் வேற என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சது அதுதான். காலையில கொண்டாந்து வச்சிட்டு வேலைக்குப் போனேன். மேடையில அது எப்படி இருக்குன்னு பாக்கத்தான் பர்மிஷன் கேட்டு ஓடி வந்தேன்.”

பாஸ்டரம்மா முன்னால் வந்து அவள் தோளைத் தொட்டார்.

“ஏனுங்க முத்துப்பேச்சி, ஸ்கூல் தெறக்கற வரைக்கும் இந்த ஹால் பூட்டறதில்லீங்க. தெறந்ததுக்கு அப்பறம், சாயங்காலம் நேரா இங்க வரட்டும். நீங்க வர்ற மட்டும் நா இருப்பேனுங்க. பாப்பாவ ஊருக்கு அனுப்பாதீங்க.”

இந்த முடிவை அவர் யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை. பாஸ்டருக்கே அப்போதுதான் தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இவ்வளவு நாளும் என்னிடம் இல்லாத அந்த மாற்று வழி, பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் பனி மனிதனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

முத்துப்பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஊர்ப்பையைத் தூக்கினாள். ஜோதிகாவின் முகம் செத்துவிட்டது.

“வீட்டுக்குத்தாம்ட்டி” என்றாள் அம்மா. “துணிய எல்லாம் திரும்ப அடுக்க வேண்டாமா?”

மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எங்களிடமோ யோசனை எதுவும் மிச்சமில்லை. “அந்தப் பனி மனுசன எடுங்க பாஸ்டரம்மா” என்றேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, “செரீங்க” என்றார். யாக்கோபின் தாடியைப் பிரித்து வைத்தோம். போதாததற்குப் பாரூக் பாய் ஒரு மூட்டை வெள்ளை வேஸ்ட் அனுப்பினார்.

முத்துப்பேச்சி ஷிப்டுக்குப் போகிற வழியில் மகளை விட வந்தாள். “அக்கா, நான் நாடகத்தக் கெடுத்துட்டேன்னு பிள்ளைக சொல்லுதாங்க” என்றாள்.

“கெடுத்தே. நல்லா கெடுத்தே” என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்து பட்டு வெடித்த கை. நன்றி என்று சொல்ல நினைத்தேன். என் நீள வாய்க்கு அன்றைக்கென்று பார்த்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். அவளுக்குப் புரிந்தது.

கம்பெனி சைரன் ஊதியதும் கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள். இடுப்பில் செருகிய வீட்டுச் சாவி வெயிலில் மின்னியது. அன்றைக்கு அந்தச் சாவி யாரையும் உள்ளே வைத்துப் பூட்டவில்லை.