உட்கார வைக்காத சாமி

என் தம்பி செத்ததற்கு நான் அழலாமா கூடாதா என்று ஊரே பஞ்சாயத்து பண்ணியது. "அந்த அயோக்கியனுக்கு ஒப்பாரி ஒரு கேடா?" என்றது ஒரு கூட்டம். "சாமி சித்தியடைஞ்சிருக்காரு, அழக்கூடாது" என்றது இன்னொரு கூட்டம். போங்கடா நீங்களும் உங்கள் சட்டமும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பா அம்மா போன பிறகு, திருவதிகையிலிருந்து அவனை இடுப்பில் தூக்கி வந்து இந்த நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்த்தவள் நான்.

உலகத்துக்கு அவன் சுவாமி அகண்டபோதர். எனக்குத் தெய்வசிகாமணி. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான், நிலைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி செகண்ட் ஷிஃப்ட் போகும் நாட்களில், பிளாக்கில் இருந்த பெண்களைக் கூட்டி வைத்துப் பேச ஆரம்பித்தான். அப்படி ஒரு பேச்சு. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். பேசிப் பேசியே வடக்குத்துக்குப் பக்கத்து முந்திரித் தோப்பில் ஆசிரமம் வந்தது, கார் வந்தது, வெளிநாட்டு பக்தர்கள் வந்தார்கள். கடைசியில் என்னையே கியூவில் நிற்க வைத்தார்கள்.

அப்புறம் இசைப்பிரியாவின் புகார் வந்தது. வடக்குத்துப் பெண், ஆசிரம ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். தனியறைக்குக் கூப்பிட்டு சாமி தன்னை என்ன செய்தார் என்று போலீசில் சொன்னாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வாயைத் திறந்தார்கள். டி.வி.யில் கிழி கிழியென்று கிழித்தார்கள். பக்தர்களோ அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

நான் ஜெயிலுக்குப் போய் அவனையே கேட்டேன். "சிகாமணி, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

"அக்கா, உடம்பு செய்யறது எதுவும் என்னைத் தொடாது" என்றான்.

"பிரசங்கம் வேணாம். ஆமாவா, இல்லையா?"

தலையைக் குனிந்துகொண்டான். சின்ன வயதில் திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டால் எப்படிக் குனிவானோ, அதே மாதிரி. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கப் போகவில்லை. வழக்கு முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

கூடப் பிறந்தவள் என்று உடலை என்னிடம்தான் ஒப்படைத்தார்கள். சந்நியாசியை எரிக்கக் கூடாது. உட்கார வைத்து, உப்பும் விபூதியும் கொட்டிச் சமாதி வைக்க வேண்டும். அதுதான் முறை. ஆசிரமத்தில் குழியே வெட்டிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் இசைப்பிரியாவின் அம்மா செங்கமலம் என் வீட்டுக்கு வந்தாள்.

"யக்கா, ஒங்க தம்பிய ஒக்கார வச்சிப் பொதச்சா நாளைக்கே கோயிலு கட்டுவானுங்க. வருசா வருசம் குருபூச, மைக்செட்டு. எம்பொண்ணு கேசு குடுத்ததுலேர்ந்து வூட்ட வுட்டு வெளிய வர்றதில்ல. அந்தப் பாட்டையும் கேட்டுகினு அவ எப்டிக்கா உசுரோட இருப்பா?"

"சந்நியாசிய அப்டித்தானே வைக்கணும், செங்கமலம்?"

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுக்கா. அவரு சந்நியாசியா?"

"எரிச்சிடறேன். கும்புடறதுக்கு எதுவும் மிஞ்சாது. உன் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு" என்று வாக்குக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சிவகங்கைப் பக்கம். சாமி காரியம் என்றால் நடுங்குகிற ஆள். "பாவத்தக் கட்டிக்கிறாத, திலகா. சாமியப் போயி எரிப்பாகளா? நம்ம குடும்பம் வெளங்குமா?" என்று குதித்தார்.

"சாமியா இருந்தா எரிக்க வேணாம். இவன் மனுசன்" என்றேன்.

காவியை அவிழ்த்துவிட்டு வேட்டி கட்டிப் படுக்க வைத்தேன். வண்டிக்கு முன்னால் பக்தர்கள் விழுந்து புரண்டார்கள். "நாசமாப் போவ!" என்று சபித்தார்கள். போலீஸ்தான் வழி விலக்கிவிட்டது. கொள்ளி வைக்க அவனுக்குப் பிள்ளையா குட்டியா? நானே வைத்தேன். காய்ச்சல் வந்தால் என் மடியில் சுருண்டு கிடந்த பிள்ளை, ஐயோ, என் கையாலேயே எரிந்தான்.

மறுநாள் காலையில் பால் சொம்போடு காடாற்றப் போனேன். வறட்டி அடுக்கி எரித்த இடம் வழித்துவிட்டது போலக் கிடந்தது. ஒரு கைப்பிடிச் சாம்பல் இல்லை. சுடுகாட்டில் வேலை பார்க்கும் அய்யனார் தலையைச் சொறிந்தார்.

"நான் வர்றதுக்குள்ளியே கூட்டம் சேந்துடுச்சும்மா. சாமியே திருநீறா வந்துட்டாருன்னு அழுதுகினு, பொட்டலம் பொட்டலமா கட்டிகினு போயிட்டாங்க. எலும்பக்கூட வுடல. ஒத்த ஆளு நான் என்னாங்க பண்றது?"

அடிப்பாவி, என் புத்தியை எங்கே அடகு வைத்தேன்? சாம்பலைக் கண்டால் நெற்றியில் பூசுகிற ஜனங்களிடம் சாம்பலை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே! குழியில் வைத்திருந்தால் ஒரே இடத்தில் கிடந்திருப்பான். இப்போது வீட்டுக்கு வீடு போய்விட்டான். கடலூரில் கொண்டுபோய்க் கரைக்க எனக்கென்று அவனுடைய ஒரு எலும்புத் துண்டு கிடைக்கவில்லை. வெறும் மண்ணில் பாலை ஊற்றிவிட்டு வந்தேன்.

வீட்டு கேட்டில் செங்கமலம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண். இசைப்பிரியா. நேரில் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க எரிச்சிட்டீங்கன்னு சொன்னதும் தானே கெளம்பி வந்துடுச்சிக்கா" என்றாள் செங்கமலம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள் இசைப்பிரியா.

நான் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே ஊதுபத்தி வாசனை.

"கோவப்படாத, திலகா. சாமி திருநீறு எல்லாரும் எடுத்தாக. நானும் கொஞ்சூண்டு எடுத்தாந்து பூசை ரூம்ல வச்சிருக்கேன்."

இசைப்பிரியா அவர் நெற்றியையே பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"வாம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மாவிடம்.