வெறுங்கையால் அறுத்த புல்

அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, அடுப்பு எரிகிற சமையலறையில் என் நாத்தனார் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தானும் மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை அவளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கழற்றி எறிவது அதைத்தான்.

நான் போனது ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுக்க. மறுநாள் செவ்வாய்க்கிழமை கடைசிப் பரிசோதனை. வியாழக்கிழமை காலை அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவள் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, வைப்பதாக ஏற்பாடு. எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாயாக அலைந்து வாங்கிய தேதி அது. என்னுடையது ஒத்துவராது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். பொருந்தியது இவளுடையது ஒன்றுதான்.

சட்டையைச் சுருட்டச் சொன்னேன். கையில் சோப்பு என்றாள். நான் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். வேறு வழியில்லாமல் கையைக் கழுவி, பொத்தானைக் கழற்றி, மெதுவாகச் சுருட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடுகள், ரம்பத்தால் இழுத்த மாதிரி. கோடுகளுக்கு நடுவே தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. சொறிந்த இடங்களில் தோல் உரிந்து நீர் கசிந்தது. இடது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. உடம்பில் எங்கேயும் ஆறாத புண்ணோ சீழோ இருந்தால் அறுவை சிகிச்சை கிடையாது என்று என் கையிலிருந்த கடிதத்தில் நான்காவது வரியில் போட்டிருந்தது.

"புல்லு," என்றாள்.

எந்தப் புல் என்று நான் கேட்கவில்லை. ஊரிலுள்ள அலுவலகங்கள், ஓட்டல்கள், வசதியான வீடுகள் என்று பத்துப் பதினைந்து தோட்டங்களைப் பராமரிப்பதுதான் அவள் தொழில். இப்போது எல்லோருக்கும் வாசலில் அலங்காரப் புல் வேண்டும். ஆளுயரம் வளர்ந்து, நுனியில் வெள்ளைக் குஞ்சம் ஆடும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுப்பார்கள். கிட்டே போனால்தான் அதன் யோக்கியதை தெரியும். இலையின் ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பல். காய்ந்த புல் தாளில் பொடி முள்ளாகச் சுணை. வியர்த்த உடம்பில் அது ஒட்டிக்கொண்டால் மூன்று நாளைக்கு மனிதரைச் சொறிய வைத்தே கொன்றுவிடும்.

இவ்வளவும் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, மூன்றும் இல்லாமல் அந்தப் புல்லை யாரும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். மீறினால் அன்றைக்கு வேலை கிடையாது. அவளிடம் வேலை செய்கிற நான்கு பெண்களும் முதுகுக்குப் பின்னால் அவளைக் கையுறை அக்கா என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சும்மா பார்க்கப் போன நான் கீழே கிடந்த ஒரு புல் தாளை எடுத்து ஓரமாகப் போட்டதற்கு, அத்தனை பேர் முன்னால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடாமல் தனியாக ஓர் ஓட்டல் வாசலுக்குப் போயிருக்கிறாள். அங்கே பதினெட்டுப் புதர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் அணைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அடியில் ரம்பக் கத்தி வைத்து அறுக்க வேண்டும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, வெறுங்கையோடு, நான்கு மணி நேரம் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்தால் இரண்டு மூன்று மாதம் எடை தூக்க முடியாது, அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று நினைத்தாளாம்.

கையுறை எங்கே இருந்தது என்று கேட்டேன். பையில் என்றாள். பை எங்கே இருந்தது என்று கேட்டேன். பக்கத்தில்தான் என்றாள்.

எனக்கு வாய் நீளம் என்று இரண்டு குடும்பத்திலும் பேர். அன்றைக்கு அது தெருக்கோடி வரை நீண்டிருக்கும். கூடப் பிறந்தவன் உயிர் உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்பதில் ஆரம்பித்து, எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் குழாயைக்கூட மூடாமல் நின்றாள். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல அக்கா? எதுக்குக் கையைக் கிழிச்சுக்கிட்டீங்க?"

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதப் புதரைக் கட்டும்போதே கீறிடுச்சு. கையுறைய எடுத்து மாட்டணும்னு தோணுச்சு. மாட்டல," என்றாள். "மறந்தேனா, வேணும்னே விட்டேனான்னு எனக்கே தெரியல."

மறந்துவிட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நன்றாகத் திட்டிவிட்டு, மருந்தைத் தடவிவிட்டு வந்திருப்பேன். இந்த மனுஷிக்கு அது வராது. தனக்கே தெரியாததைத் தெரியாது என்று சொல்லி என் தலையில் கல்லைப் போட்டாள். கத்தி என்றால் பயமா என்று கேட்டேன். கத்தியைப் பற்றியே நினைக்கவில்லை, மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்க மாட்டேனோ என்று இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்றாள். தம்பியிடம் சொன்னால் அவனே வேண்டாம் என்று சொல்லிவிடுவான், அதனால் சொல்லவில்லை என்றாள். அது உண்மை. அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அவள் கையில் சுற்றினேன். சொறியக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, ஒரு ராத்திரியில் வற்றிவிடும் என்று மிரட்டிவிட்டு வந்தேன். வற்றாது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் என் கணவர் ஆஸ்பத்திரிப் பையை மூன்றாவது தடவையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவருக்கு. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பேன். மாத்திரைக்கும் தாகத்துக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்றதும் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிக்கப் போவதாகச் சொன்னார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார்கள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். அதில் பாதி உண்மைதான்.

மறுநாள் காலை அவரைக் கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் மாடிக்குப் போனோம். ரத்தம் எடுக்கிற நர்ஸ் சட்டையைச் சுருட்டச் சொன்னாள். நாத்தனார் சுருட்டினாள். நான் முந்திக்கொண்டு, பூனை கீறிவிட்டது என்றேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பொய் அது.

"எத்தன பூனை?" என்று கேட்டாள் நர்ஸ். சிரிக்கவில்லை. எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள்.

டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். பஞ்சுக் குச்சியில் சீழைத் தொட்டு ஒரு குழாயில் போட்டார். என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டார். அவள் புல்லைச் சொன்னாள். தொழில் என்ன என்றார். அதையும் சொன்னாள். அவர் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, வியாழக்கிழமை முடியாது என்றார். அவர் வெளியே போய்த் திரும்பும்போது அவரோடு ஓர் அம்மாள் வந்தாள். உறுப்பு தானம் செய்கிறவர்களிடம் தனியாகப் பேசுவதுதான் அந்த அம்மாளின் வேலை. முன்பும் ஒருமுறை பேசியிருக்கிறாள்.

"புண்ணு ரெண்டு வாரத்துல ஆறிடும், அது பெரிய விஷயம் இல்ல," என்றாள் அந்த அம்மாள். "ஆனா நான் இவங்ககிட்ட மறுபடி தனியா பேசணும். இவங்க வேண்டாம்னு சொன்னா, உடம்பு ஒத்துவரலன்னு மட்டும்தான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்வோம். காரணம் யாருக்கும் தெரியாது."

அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடியது. நாத்தனார் கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள்; துணி பட்டால்கூட எரிகிறது போல. இப்போது அவளுக்கு எல்லாம் தயாராக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆஸ்பத்திரியே அவளுக்காகப் பொய் சொல்லும். இந்தக் கையைப் பார்த்த யாரும் அதை நம்புவார்கள், அவள் தம்பியும் நம்புவார். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் வேண்டாம்னு சொல்லிட்டா நீ எங்கூடப் பேசுவியா?" என்று கேட்டாள். தரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பேசுவேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு வயது, தனி ஆள், தன் உடம்பை நம்பிப் பிழைக்கிறவள், சாவுக்குப் பயப்படுகிறாள். இதில் என்ன குற்றம் இருக்கிறது? என் கூடப் பிறந்தவளாக இருந்தால் நானே எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இரண்டு நாளாக அவள்மேல் இருந்த கோபம்கூட அந்த நிமிஷம் என்னிடம் இல்லை. கீழே கட்டிலில் ரத்தம் குழாய் வழியே போய் வர, கண்ணை மூடிப் படுத்திருக்கிற ஆள் மட்டும்தான் என் மனதில் இருந்தார்.

"பேச மாட்டேன்," என்றேன். "அவர்கிட்டயும் சொல்லிடுவேன். கையுறை பக்கத்துலயே இருந்துச்சுன்னு சொல்லிடுவேன்."

அவள் தலையை ஆட்டினாள். கடை மூடியிருக்கிறது என்று சொன்னால் ஆட்டுவார்களே, அவ்வளவுதான். அந்த அம்மாள் கதவைத் திறந்து கூப்பிட்டாள். நாத்தனார் எழுந்து உள்ளே போனாள்.

முதல் பத்து நிமிஷம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. எழுந்து கதவருகே போனேன். உள்ளே அந்த அம்மாளின் குரல் மட்டும் முணுமுணுவென்று கேட்டது. கதவைத் தட்டி, அக்கா, கோபத்தில் சொன்னேன், உங்கள் இஷ்டப்படி சொல்லுங்கள், நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். விரலை மடக்கிக் கதவுவரை கொண்டுபோய்விட்டேன். கையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் கையுறை மாட்டவில்லை என்று அவளுக்குத்தான் தெரியவில்லை. நான் ஏன் கதவைத் தட்டவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அந்த அம்மாள் முதலில் வந்தாள். புண் ஆறியதும் மறுபடி ஒரு பரிசோதனை, எல்லாம் சரியாக இருந்தால் மூன்றாவது வாரம் தேதி கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாள். சொல்லும்போது என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் புருஷன் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குக் கேட்டது, வேறு எதுவும் கேட்கவில்லை.

கீழே போய் அவரிடம் சொன்னோம். தோட்ட வேலையில் கை கீறிவிட்டது, மூன்று வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். அவர் முகம் வாடி, உடனே அதைச் சரிசெய்துகொண்டு, இரண்டு வருஷம் பொறுத்தவனுக்கு மூன்று வாரம் ஒரு பொருட்டா என்றார். அவள் கையைப் பார்த்துப் பதறிப்போய், இனிமேல் அந்தப் புல் பக்கமே போகக் கூடாது என்று தம்பியாக இருந்துகொண்டு அவளுக்கே உத்தரவு போட்டார். அவள் சரிடா என்றாள்.

ஒரு நாளைக்கு நான்கு வேளை தடவச் சொல்லி டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். என் கணவருக்கு டயாலிசிஸ் ஊசிகளைக் கழற்ற இன்னும் அரைமணி நேரம் இருந்தது. வெளியே நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இரண்டு கையையும் என் மடியில் வைத்துக்கொண்டு முதல் வேளையை நானே தடவினேன். ஒவ்வொரு கோடாக, அழுத்தாமல் தடவினேன்.

"எரியுதாக்கா?"

"எரியுது."

குனிந்து ஊதினேன். உள்ளே அந்த முப்பத்தைந்து நிமிஷம் என்ன பேசினாள், கையெழுத்துப் போட்டது தம்பிக்காகவா, என் வாய்க்குப் பயந்தா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.