சுவரில் மாட்டிய துணி

இறைச்சி ஆலையில் பன்றித் தோள்கள் கொக்கிகளில் தொங்கியபடி வந்துகொண்டே இருந்தன. எவுல் கத்தியைப் பாய்ச்சிக் கொழுப்பைச் சீவித் தள்ளினாள். கண் கையில் இருந்தாலும் காது முழுக்க சூப்பர்வைசர் பக்கம்தான். மத்தியானம் ஆனால் அவன் வந்து நிற்பான். "காப்பகத்துல இருந்து போன். உன் புள்ள அழுது ஊரைக் கூட்டுதாம், போய்த் தூக்கிட்டுப் போ." பாதி ஷிப்டில் கிளம்பினால் கரும்புள்ளி. இன்னும் ஒன்று விழுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஆனால் இந்த வாரம் போனே வரவில்லை.

எவுலின் மகள் மலினுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. குவாத்தமாலா மலையில் பிறந்த நாள் முதல் அம்மாவின் முதுகில் கட்டிய துணிக்குள் தூங்கியே பழகியவள். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் இந்தக் குழந்தைகள் காப்பகத்திலோ மதியம் பிள்ளைகளைப் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைப்பார்கள். மலின் பாயைக் கண்டாலே வீரிடுவாள். ஒன்று அழுதால் அத்தனையும் எழுந்துகொள்ளும். "இப்படியே போனா இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவோம்மா" என்று நிர்வாகி லோரேன் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஊரில் பிள்ளையை விட வேறு போக்கிடம் கிடையாது.

அப்போது கைகொடுத்தவள் ஹாவோ. சோமாலியாக்காரி, காப்பகத்தில் ஆயா. "நீ அந்தத் துணியக் குடு தாயி. எங்க ஊர்லயும் முதுகுலதான் கட்டுவோம். எம்புள்ளைங்க எல்லாம் இப்படி வளந்ததுங்கதான்" என்று வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து மலின் ஹாவோவின் முதுகில் தூங்கினாள். எவுலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காப்பகத்தில் விழா. எல்லாக் குடும்பங்களையும் வரவேற்கிறார்களாம். அவரவர் ஊர்ப் பொருள் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார்கள். காப்பகங்களைச் சோதிக்கும் மேலிடத்திலிருந்து ஆட்களும் வந்திருந்தார்கள். எவுலிடம் ஊர்ப் பொருள் என்று இருந்தது அந்தச் சிவப்புத் துணி ஒன்றுதான். ஹாவோவிடம் கேட்டு வாங்கி, மடித்து நீட்டினாள்.

"அடடா, எவ்ளோ அழகு!" லோரேன் தானே ஸ்டூல் மேல் ஏறினாள். பல மொழிகளில் 'நல்வரவு' என்று எழுதியிருந்த சுவரில், அந்த எழுத்துக்குக் கீழே துணியை விரித்துக் குண்டூசி குத்தினாள்.

ஒரு வீட்டில் உதவி கிடைத்தால் வீட்டுத் தலைவருக்கு நாலு பேர் முன்னால் நன்றி சொல்வது எவுலின் ஊர் வழக்கம். தெரிந்த இங்கிலீஷைக் கோத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ரொம்பப் புண்ணியம் மேடம். இந்தத் துணியிலதான் ஹாவோ எம்புள்ளையக் கட்டித் தூங்க வைக்கிறாங்க. நீங்க சொல்லித்தானே செய்றாங்க? நல்லா இருக்கணும் நீங்க."

மேலிடத்து ஆள் திரும்பினார். "கட்டியா?"

லோரேன் முகம் வெளுத்தது. ஹாவோ கையிலிருந்த பால் தம்ளர்களை மேசையில் வைத்தாள். காப்பகத்தில் பிள்ளைகளைத் துணியில் கட்டி வைக்கக் கூடாதென்பது அங்கே சட்டம். அது எவுலுக்குத் தெரியாது.

அன்றே ஹாவோவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வாசலில் அவள் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது எவுல் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சு..."

"தெரியும் தாயி." ஹாவோ கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "என்னையும் நம்பி வீட்ல நாலு வயிறு இருக்கு. அது உனக்குத் தெரியாதுல்ல." அவள் பனியில் இறங்கி நடந்தாள். எவுலுக்குத் தன் நாக்கையே அறுத்துப் போட வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினான். எவுல் கெஞ்சினாள். "நீ போனா வேலையும் போனதுதான்" என்றான். பிள்ளை அங்கே கதறும்போது எந்தத் தாய்க்குக் கத்தி ஓடும்? ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள்.

காப்பகத்து வாசலிலேயே மலினின் பை தயாராக இருந்தது. அழுது அழுது பிள்ளைக்குக் குரலே இல்லை.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நாளைலேருந்து இடம் இல்லம்மா" என்றாள் லோரேன்.

"துணி, மேடம்?"

"அதுவா? அங்கேயே இருக்கட்டுமே. வர்றவங்க எல்லாம் அதைத்தான் போட்டோ எடுக்கறாங்க. கொஞ்ச நாள் கழிச்சு வந்து வாங்கிக்கோ."

துணிக்குக் கீழே மற்றப் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவுலின் தோள் வழியாக மலின் சுவரை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். லோரேன் குழந்தைக்கு டாட்டா காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.