நாலாயிரத்து எண்ணூறு புள்ளி

எங்கள் வீட்டுப் பிரிண்டருக்கும் எனக்கும் நடந்த யுத்தம் மொத்தமே ஒன்றரை மணி நேரம். அதற்குள் எனக்கு ஏழு வயது கூடிவிட்டது. சந்தேகம் இருந்தால் என் தலைமுடியை எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான் இருக்கும்.

என் மனைவி சைகை மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்குப் படித்திருந்தாள். காது கேளாதவர் டாக்டரிடம் போனால் நடுவில் நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் எடுத்துச் சொல்கிற வேலை. தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அறுபது வயதாகிவிட்டால் எழுத விடமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் அறுபது. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியை விட்டால் அவ்வளவுதான்.

ஹால் டிக்கெட் முந்தின நாள் சாயங்காலம்தான் மெயிலில் வந்தது. தாளில் அச்சிட்டு வரவேண்டும், போனில் காட்டக்கூடாது, மேல் மூலையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை வாசல் மெஷின் படிக்காவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று போட்டிருந்தது.

"கடையில போய் எடுத்துட்டு வந்துடலாமே?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதாங்க பயமா இருக்கு."

முப்பத்தாறு வருஷம் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தவன் நான். 'இது தெளிவா, அது தெளிவா' என்று ஊரில் பாதிப் பேரைக் கேட்டிருக்கிறேன். மீதிப் பாதிப் பேருக்குக் கடைக்கு வரும் வழியே தெரியவில்லை, பார்வை அவ்வளவு மோசம். தெளிவு விஷயத்தில் எனக்கா பாடம்?

கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்ததும் ஒரு பெட்டி திறந்தது. தரம் என்ற இடத்தில் டிராஃப்ட், நார்மல், ஹை என்று மூன்று. அது தானாகவே நார்மலைத் தேர்ந்து வைத்திருந்தது. கட்டின பெண்டாட்டியின் கடைசி வாய்ப்புக்கு நார்மலா? ஹையை அழுத்தினேன். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. விடுவேனா? பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து திறந்து, பேப்பர் வகை என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 'பிளெயின்' என்று இருந்ததைப் 'போட்டோ பேப்பர்' என்று மாற்றினேன். ஹை உயிர்பெற்று எழுந்தது! அங்குலத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு புள்ளி என்று பக்கத்திலேயே காட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தரத்தில் ஓர் எறும்புக்கு அதன் அளவிலேயே ஹால் டிக்கெட் எடுக்கலாம்.

பிரிண்டர் தட்டில் இருந்தது என்னவோ சாதாரண வெள்ளைத் தாள்தான்.

பிரிண்டர் பன்னிரண்டு நிமிஷம் முனகியது. குளித்துவிட்டுத் துவட்டாமல் ஓடிவந்த பிள்ளை மாதிரி, தாள் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. க்யூஆர் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மொத்தை.

"ஆச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல்.

"பிரமாதம்! கொஞ்சம் காயணும்."

அவள் வந்து போன் கேமராவைக் கட்டத்துக்கு மேலே பிடித்தாள். போன் பார்த்தது, யோசித்தது, கைவிட்டது. அதே நேரம் கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்பு: கறுப்பு மை தீரப்போகிறது. மணி ஒன்று பத்து. தேர்வு நடக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

மையை மிச்சம் பிடிக்கலாமென்று டிராஃப்டில் ஒன்று எடுத்தேன். கட்டம் நெடுக வெள்ளைக் கோடு.

"இதென்ன, வெளுத்துப்போன வரிக்குதிரையா?" என்றாள். போன் இதையும் சீண்டவில்லை.

அவள் கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டாள். "ஆறு வருஷம் படிச்சேங்க" என்றாள், அவ்வளவுதான். நான் வரிக்குதிரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். "தள்ளுங்க." பெட்டியைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"உள்ள என்ன பேப்பர் வெச்சிருக்கீங்க?"

"சாதாரணப் பேப்பர்தான்."

"இங்க போட்டோ பேப்பர்னு போட்டிருக்கே?"

"அப்படிச் சொன்னாத்தான் ஹை குடுக்குது."

"அடப்பாவி மனுஷா! மெஷின்கிட்டயேவா பொய் சொல்வீங்க? வழவழன்னு தாள் இருக்குன்னு நம்பி அது மையைக் கொட்டியிருக்கு. இந்தத் தாள் அம்புட்டையும் குடிச்சிருச்சு."

"நல்லதுக்குத்தானே..."

"வேலைக்கு மனுப் போடறீங்களா, இல்லாததையெல்லாம் சேத்துச் சொல்றதுக்கு?"

பிளெயின் என்று மாற்றினாள். ஹை மறுபடி சாம்பலானது. பெற்ற பிள்ளையை ரயிலேற்றிவிட்டது போல் இருந்தது எனக்கு. நார்மலைத் தொட்டு, பிரிண்ட் கொடுத்தாள்.

தாள் நாற்பது நொடியில் வந்தது. பாதிக்குக் கீழே மை வெளுத்து விதிமுறைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. மேல் மூலைக் கட்டம் மட்டும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நின்றது. அவள் போனை நீட்டினாள். நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் 'டிங்' என்றது.

இரண்டே முக்காலுக்குத் தேர்வு வாசலில் நின்றோம். காவலாளி மெஷினை நீட்டினார். நான் என் பதினொரு முடியையும் பிடித்துக்கொண்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், விரல்களை மடக்கி நீட்டியபடி உள்ளே போய்விட்டாள்.

"நார்மல்ல எடுத்தது" என்றேன் காவலாளியிடம்.

"என்ன சார்?"

"பிளெயின் பேப்பர். நார்மல்."

"சார், ஓரமா போய் நில்லுங்க. வரிசை வருது."

போனேன். வரிசையில் முதலில் நின்றவரிடம், "உங்களோடது என்ன பேப்பர்?" என்று ஆரம்பித்தேன்.